இருநூற்றுப் பதிமூன்றாவது விமானம்

வலியசாலைத் தெருவின் மேலே இருபது வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு விமானங்கள் தாழப் பறந்து போயிருந்தன. அவற்றில் ஒன்றுகூட இப்போது உலகத்தில் இல்லை. சில போரில் எரிந்தவை, சில கடலில் விழுந்தவை, மற்றவை பழைய இரும்புக்குப் போய், உருகி, அலுமினியப் பாத்திரமாக எந்த ஊர் அடுப்பிலோ கரி பிடித்துக்கொண்டிருப்பவை. ஆனாலும் வந்தன. கிள்ளியாற்றுப் பக்கமிருந்து வந்து, கோயில் கொடிமரத்துக்கு ஒரு தென்னை உயரம் மேலே தெருவை நீளவாக்கில் கடந்து, சங்குமுகத்துப் பக்கமாகக் கடலுக்குள் போயின. எல்லாமே சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு. 2004 மார்ச் மாதம் முதல் விமானம் வந்தபோது தெருவே வாசலுக்கு ஓடி வந்தது. இருபதாவது வந்தபோது பாதிப் பேர் வந்தார்கள். நூறு தாண்டிய பிறகு, நாலு மணிக்குள் வடாத்தையும் துவைத்த துணியையும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் தெருவுக்கு நினைவிருந்தது. பழைய என்ஜின்கள் எண்ணெய் சொட்டும், கறை லேசில் போகாது.

குடியிருப்போர் சங்கத்தில் இது இரண்டு தடவை பேசப்பட்டது. செயலாளர் வெங்கிடேஷுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்ப்பான். நாலு எட்டுக்கு மைக்கை அணைத்துவிட்டு நாலு பன்னிரண்டுக்குத் திறப்பது அவனுக்குப் பழகிவிட்டது. உற்சவ நாட்களிலும், தெருவில் யாராவது காலமானால் பதிமூன்று நாளும் விமானம் வரக்கூடாது என்று ஒரு தீர்மானம் எழுதி, அவற்றை வரவழைப்பவளான அனந்தலக்ஷ்மியிடம் கையெழுத்து வாங்கினான். அவளும் போட்டுக்கொடுத்தாள், மீறியதில்லை. 2011-ல் எந்த ஆபீஸ் என்று சொல்லாத ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். காப்பி குடித்தார், இரட்டை இறக்கை விமானம் ஒன்று தலைக்கு மேலே போவதைத் தம் கண்ணாலேயே பார்த்தார், ‘பெரிய பருந்து’ என்று எழுதிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கொண்டுவந்த படிவத்தில் பருந்துக்குக் கட்டம் இருந்தது, இதற்கு இல்லை.

அனந்தலக்ஷ்மிக்கு ஐம்பத்தெட்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் அடுத்தவர்களுக்கு நம்பர் தேடிக் கொடுத்துவிட்டு, 2020-ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள். பெயர் தெரியாத பழைய விமானங்களின் புகைப்படத்தைப் பார்த்து, இது இன்ன விமானம் என்று கண்டுபிடிப்பது அவளுடைய பொழுதுபோக்கு. இதற்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. உலகத்தின் எந்த மூலையிலோ ஒருவர் மாமாவின் பெட்டியைக் குடைந்து, மங்கிய படம் ஒன்றை எடுத்துப் போட்டு, இது என்ன என்று கேட்பார். வேலை வெட்டி இல்லாதவர்களும், இருந்தும் செய்யாதவர்களும் பதில் சொல்வார்கள். அனந்தலக்ஷ்மி அந்தப் படத்தை அச்செடுத்து நீள நோட்டில் ஒட்டுவாள். ஜன்னல் எத்தனை, சக்கரத்துக்கு முட்டுக் கம்பி எப்படி, கதவு எந்தப் பக்கம், புகைக் குழாய் எந்தப் பக்கம் என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவாள். முதல் வேலையாக, படமே இடம்வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பாள். பழைய நெகட்டிவை மறுபக்கமாக வைத்து அடித்துவிடுவது ஸ்டூடியோக்காரர்கள் சாதாரணமாகச் செய்கிற தப்பு. அப்படி மாறிய படங்கள் பதினேழை அவள் பிடித்திருக்கிறாள். சந்தேகம் இருக்கும்வரை பெயரைப் பென்சிலில் எழுதுவாள். நிச்சயமானால் மட்டும் படத்துக்குக் கீழே நீல மையில். மையில் எழுதியது சரியாக இருந்தால் அந்த விமானம் மறுநாள் நாலு பத்துக்கு வரும். தப்பாக இருந்தால் வராது. பென்சிலுக்கு வராது. வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் குழுவில் பதில் போடுவாள், ஆகவே அவள் சொன்னது ஒருநாளும் பிசகியதில்லை. இந்த அம்மாளிடம் ஏதோ பெரிய ஆவணக் கிடங்கு இருக்கிறது என்று குழுவில் நினைத்துக்கொண்டார்கள். அவளிடம் இருந்தது ஒரு மொட்டைமாடி.

இருநூற்றுப் பன்னிரண்டும் அவளுக்கு வேண்டாதவை. வேண்டியது ஒன்றே ஒன்று, அது வரவில்லை. அந்தப் படம் அவள் வீட்டுக் கூடத்திலேயே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. படத்தில் புல்தரை. அதில் ஒற்றை என்ஜின் விமானம் ஒன்று. அதன் முன்னால், எழுத்துகளைச் சரியாக மறைத்துக்கொண்டு, மேலே துணியில்லாமல், வேட்டி கட்டி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளுடைய அப்பா ராமசுப்ரமணியன். வயது முப்பத்தொன்று. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆகாயத்திலிருந்து மருந்து தெளிக்கும் தனியார் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக இருந்தார். 1971 ஜூன் மாதம் கோட்டயம் பக்கம் போனவர், ஐப்பசி பிறக்கும்வரை வாரம் ஒரு கடிதம் போட்டார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் இந்தப் படம் மட்டும், கெட்டி அட்டையில் ஒட்டி, வந்தது. உறையில் கடிதம் இல்லை. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

படத்தில் அவருடைய பூணூல் வலது தோளில் கிடந்தது. வேறு ஊராக, வேறு தெருவாக இருந்தால் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வலியசாலை கவனித்தது. பூணூல் இடது தோளில் கிடப்பது. பித்ருக்களுக்குச் செய்யும் காரியத்தின்போது மட்டும் வலது தோளுக்கு மாறும். ராமசுப்ரமணியனின் அப்பாவோ அப்போது உயிரோடு, அதே கூடத்தில், மூக்குப்பொடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா இருக்கும்போது பிள்ளை யாருக்குப் பித்ரு காரியம் செய்வான்? அந்த வியாழக்கிழமை மத்தியானம் தெருப் பெரியவர்கள் ஒன்பது பேர் கூடத்தில் கூடினார்கள். சன்னியாசம் வாங்கிக்கொள்கிறவன் தனக்குத் தானே பிண்டம் போட்டுக்கொள்வான், இது அந்த வேளையில் எடுத்த படம் என்றார் சாஸ்திரிகள். பூணூல் இன்னும் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். கழற்றுவதற்கு முந்தின நிமிஷம் என்றார். விமானம் எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். காசிக்குப் போக என்றார். நடுவில் வெளியே ஏதோ இரைச்சல் வந்து பேச்சு காதில் விழாமல் போனதால் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். சாத்தப்பட்டது. ஐந்து மணிக்குள் ராமசுப்ரமணியன் சன்னியாசி என்று முடிவாகி, எல்லோருக்கும் காப்பி வந்தது. கோட்டயத்துக்கு அனுப்பிய ஆள், கம்பெனி பூட்டியிருக்கிறது, படியில் ஓர் ஆடு நிற்கிறது என்று வந்து சொன்னான். அதையும் துறவின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

அவருடைய மனைவி ஆவுடையம்மாளுக்கு அப்போது இருபத்தாறு வயது, மடியில் நாலு வயசுப் பெண். சன்னியாசியின் பெண்டாட்டி சுமங்கலியா இல்லையா என்பதில் சாஸ்திரத்துக்கே தெளிவில்லை. தெருவுக்குத் தெளிவு இருந்தது. தாலியைக் கழற்று என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை, குங்குமம் கொடுக்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. ஐம்பத்து மூன்று நவராத்திரிக்கும் அவளுக்கு வெற்றிலைபாக்கு உண்டு, குங்குமம் கிடையாது. அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகப் போய், ஊரில் பாதிப் பேருக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொடுத்து, ஓய்வு பெற்றாள். மகளுக்கு இரண்டு இடத்தில் ஜாதகம் பொருந்தி வந்தது. அப்பா விட்டுவிட்டுப் போன வீடு என்று இரண்டும் நின்றுபோயின. ஆவுடையம்மாள் அழுததை யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு இருந்தது கோபம். குடித்தோ, வேறு ஒருத்தியோடோ போயிருந்தால் தெருவில் நின்று திட்டியிருப்பாள். பகவானிடம் போனவனை எங்கே நின்று திட்டுவது? அந்தக் கோபத்தை ஐம்பத்து மூன்று வருஷமாக ஊறுகாய்ப் பரணி மாதிரி கை ஈரம் படாமல் வைத்திருந்தாள்.

விமானங்களை அவள் பார்ப்பதில்லை. நாலு பத்துக்குச் சமையலறையிலேயே இருப்பாள். இரைச்சல் தெருவைக் கடந்து தேய்ந்ததும் உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி வரும். “அதா?” மாடிப்படியில் இறங்கிக்கொண்டே மகள் சொல்வாள், “இல்லம்மா.” அதற்கு மேல் பேச்சில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை இதே கேள்வி, இதே பதில். ஒரே ஒரு தடவை, நாலைந்து வருஷத்துக்கு முன்னால், அவள் சேர்த்துச் சொன்னாள். “அது வந்தா எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போறும். விட்டுட்டுப் போனாரா, போக வேண்டி வந்துதா? ரெண்டில ஒண்ணு. அப்பறம் நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன், கேட்டியா.”

அந்த விமானத்தைக் கண்டுபிடிக்கத்தான் அனந்தலக்ஷ்மி இந்தத் தொழிலுக்கே வந்தாள். அப்பா போன விமானம் எது என்று தெரிந்துவிட்டால், அது ஒருநாள் தலைக்கு மேலே வரும். வந்தால் உள்ளே இருப்பது காவித் துணியா இல்லையா என்றாவது பார்க்கலாம். 2009-ல் கிட்டத்தட்டப் பிடித்தும்விட்டாள். இங்கிலாந்தில் சாண்ட்லர் என்ற சின்னக் கம்பெனி, மருந்து தெளிப்பதற்கென்றே ஒன்பது விமானம் செய்து, பத்தாவதற்கு முன் திவாலானது. அந்த விமானத்துக்கு லாப்விங் என்று பெயர். சக்கரம், இறக்கை, வால் எல்லாம் அச்சாகப் பொருந்தின. ஆனால் லாப்விங்குக்குக் கதவு இடப்பக்கம், புகைக் குழாய் வலப்பக்கம். கூடத்துப் படத்தில் கதவு வலப்பக்கம், குழாய் இடப்பக்கம். பென்சிலில் எழுதியதை அழித்தாள். குழுவில் இருந்த பெல்ஜியம் நாட்டுக் கிழவர் ஒருவர், உங்கள் படம் மாறி அச்சாகியிருக்குமோ என்று மரியாதையாகக் கேட்டார். அனந்தலக்ஷ்மி அவருக்கு இரண்டு பக்கம் பதில் எழுதினாள். பூணூல் என்றால் என்ன, அது எப்போது எந்தத் தோளுக்குப் போகும், தன் தகப்பனார் அன்று என்ன காரியம் செய்துகொண்டிருந்தார் என்றெல்லாம் விளக்கி, படம் மாறியிருக்க வழியே இல்லை, தோளே சாட்சி என்று முடித்தாள். பெல்ஜியம் கிழவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அடுத்தவர் படங்களில் பதினேழு தப்புப் பிடித்தவள் சொந்தப் படத்தை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் வாழ்க்கை முழுவதும் அந்த வலது தோளில் தொங்கியபோது அதை எப்படித் திருப்புவது?

அப்புறம் வெறும் சலிப்புத்தான். 2014-ல் ஒருநாள் வெறுத்துப்போய், நாற்பத்தொரு பெயர்களை நாளுக்கு ஒன்றாக மையிலேயே எழுதிப் பார்த்தாள். நாற்பத்தொரு நாளும் நாலு பத்துக்கு வானம் காலியாக இருந்தது. தெருவில் வடாம் நன்றாகக் காய்ந்தது. அந்த நாற்பத்தொன்றில் லாப்விங் இல்லை. தப்பு என்று தெரிந்ததை மையில் எழுதுவது தொழிலுக்கு அழகல்ல என்று அவளுக்கு ஒரு கௌரவம். பிறகு மற்றவர்களின் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒன்று வந்தது, போனது. கண்ணுக்குக் கீழே கறுத்தது, முழங்கால் வலித்தது. அம்மாவுக்கு எண்பது ஆயிற்று, மூச்சு வாங்கியது. இதயம் தளர்ந்திருக்கிறது, இனி மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் குறைவு என்பதையும் சொன்னார், வேறு வார்த்தையில். அன்றிலிருந்து அனந்தலக்ஷ்மிக்கு, யார் வீட்டு விமானமோ தன் தலைக்கு மேலே போகிற ஒவ்வொரு தடவையும், வரிசையில் நிற்கிற தன்னை இடித்துத் தள்ளிக்கொண்டு இன்னொருவர் முன்னால் போவதுபோல எரிச்சல் வந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டாவது, நாலு என்ஜின் ஹெர்மிஸ். போன ஆவணி மாதம் வந்தது. அத்தனை கனமானது அதற்கு முன் வந்ததில்லை. கொடிமரத்து மணிகள் எல்லாம் ஆடின, வெங்கிடேஷின் கம்ப்யூட்டர் அணைந்தது, கூடத்துப் படம் ஆணியோடு கழன்று விழுந்து கண்ணாடி தூளாயிற்று. “அதா?” என்றாள் அம்மா. “இல்லம்மா. ஆனா அப்பா விழுந்துட்டார்” என்றாள் மகள். மறுநாள் படத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆரியசாலைக்குப் போனாள். அங்கே மொத்தக் கடைகளுக்கு நடுவில் யூசுப் படங்களுக்குச் சட்டம் போடுகிறார். தென்காசிப் பக்கத்து மனிதர், அறுபது தாண்டியவர். சாமி படம், கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம் என்று எதைக் கொடுத்தாலும் ஒரே முகத்தோடு அளவு எடுப்பார். இந்தப் படத்தைக் கையில் வாங்கியவர் அளவு எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“மாமி, இது ஆரு?”

“எங்கப்பா.”

“தப்பா நெனைக்கக் கூடாது. பூணூலெல்லாம் போட்டிருக்காரு. வேட்டிய மட்டும் எங்க ஆளுக கணக்கா எடப்பக்கம் செருவியிருக்காரே?”

இந்த ஊரில் இந்துக்கள் வேட்டியின் மேல்முனையை வலப்பக்கம் செருகுவார்கள், முஸ்லிம்கள் இடப்பக்கம். யார் சொல்லித் தந்தது என்று இருவருக்கும் தெரியாது. கை தானாகப் போகும். பச்சைக் குழந்தைக்குத் துண்டு சுற்றினாலும் அப்படித்தான். யூசுப் எழுந்து நின்று தம்முடைய கைலியைக் காட்டினார். அனந்தலக்ஷ்மி படத்தைப் பார்த்தாள். அப்பாவின் வேட்டி இடப்பக்கம் செருகியிருந்தது. ஐம்பத்து மூன்று வருஷமாக அந்தத் தெருவில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. அக்ரஹாரம் இடுப்புக்கு மேலே மட்டும்தான் பார்த்திருந்தது.

“படம் திரிச்சு அடிச்சதாக்கும் மாமி” என்றார் யூசுப், மழை வரும் என்று சொல்கிற குரலில். “நெகட்டிவை மறுபக்கம் வச்சு அடிச்சிருக்கான். கண்ணாடியில காட்டிப் பாருங்க.”

கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் நிறைய இருந்தன. அவள் காட்டிப் பார்த்தாள். கதவு இடப்பக்கம் போயிற்று. குழாய் வலப்பக்கம் போயிற்று. வேட்டி வலப்பக்கம் வந்தது. பூணூல், எல்லோருடைய பூணூலையும் போல, இடது தோளில் கிடந்தது. யாருக்கும் எந்தக் காரியமும் செய்யாமல், வேர்வைக்குச் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, வேலை முடிந்த ஒரு மெக்கானிக் அங்கே நின்றுகொண்டிருந்தார். அனந்தலக்ஷ்மி கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. படி தெரியாமல் காலை வைத்தவளைப் போல உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். யூசுப் டீ சொல்லிவிட்டு, அட்டை பூச்சி அரித்திருக்கிறது, மாற்றிவிடுகிறேன் என்று ஈரத்துணி வைத்துப் படத்தை மெல்ல உரித்தார். உரித்தவர் அதைத் திருப்பி, எழுத்து நனையாமல், அவள் மடியில் வைத்தார். ஸ்டூடியோக்காரன் ஒரே நாளில் இரண்டு தப்புச் செய்திருந்தான். படத்தை மாற்றி அடித்தது ஒன்று. பின்பக்கம் எழுதியிருந்ததைப் பார்க்காமல், மரியாதைக்காக அட்டையில் ஒட்டி அனுப்பியது இன்னொன்று. பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது.

‘சௌபாக்கியவதி ஆவுடைக்கு. வியாழன் சாயங்காலம் சரியாக 4.10-க்கு நம் தெரு மேலே வருவோம். பைலட் சம்மதித்துவிட்டார். மாடியில் நில். குழந்தையையும் தூக்கிக்கொள். இறங்கினதும் நேரே வீட்டுக்கு வருகிறேன். தீபாவளி வரை லீவு.’

இருநூற்றுப் பன்னிரண்டு விமானங்களும் ஏன் நாலு பத்துக்கு வந்தன என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவை வேறொருவர் குறித்த நேரத்துக்கு வந்துகொண்டிருந்தன. அந்த ஒருவருக்கு மட்டும் வழி விடாமல் பதினைந்து வருஷமாக இரண்டு பக்கப் பதிலோடு அவளே குறுக்கே நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படத்தைக் கொடுத்தாள், முன்பக்கமல்ல, பின்பக்கம் மேலே வைத்து. ஆவுடையம்மாள் கண்ணாடி போடாமலே படித்தாள்; அந்தக் கையெழுத்துக்கு அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. மூன்று தடவை படித்தாள். பிறகு தெருப்பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள்.

“அன்னிக்குச் சத்தம் கேட்டுது” என்றாள். “ஒம்போது பேரும் கூடத்துல ஒக்காந்து பறஞ்சிண்டிருக்கா. நான் ரேழியில நிக்கறேன், நீ என் இடுப்புல. மேல ஒரே எரச்சல். பேச்சு கேக்கல, ஜன்னலைச் சாத்துடீன்னார் உன் தாத்தா. நான்தான் சாத்தினேன், அனந்து. என் கையால நான்தான் சாத்தினேன்.”

அப்படியானால் அவர் வந்திருக்கிறார். சொன்ன நாளில், சொன்ன நிமிஷத்துக்கு வந்திருக்கிறார். மாடியில் யாரும் இல்லை. ஜன்னல் அடைத்துக் கிடந்தது. ஐப்பசி மேகம் கடல்மேல் நின்றுகொண்டிருந்த நேரம். திரும்பிச் சுற்றி வரலாம் என்று கடலுக்கு மேலே போன சின்ன விமானம் திரும்பி வரவில்லை. ஐம்பத்து மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்த கோபத்தை அன்று சாயங்காலம் ஆவுடையம்மாள் தேடினாள். அது இருந்த இடத்தில் அழுகை இருந்தது. மகள் பார்க்க, சத்தம் போட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். மகளும் அழுதாள். அடுத்த வீட்டில் வெங்கிடேஷ், யாரோ காலமாகிவிட்டார்கள்போல, பதிமூன்று நாளுக்கு விமானம் இருக்காது என்று நினைத்துக்கொண்டான்.

அனந்தலக்ஷ்மி புதன்கிழமை வரை காத்திருந்தாள். புதனன்று நோட்டில் அந்தப் படத்தின் நகலை ஒட்டிய பக்கத்தைத் திறந்து, பென்சில் அழித்த தழும்பின் மேலேயே, நீல மையில் ‘சாண்ட்லர் லாப்விங்’ என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்தது. வியாழக்கிழமை மூன்று மணிக்கே ஆவுடையம்மாள் குளித்து, பெட்டியிலிருந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் சொன்னதை மகள் நினைவுபடுத்தினாள். “டாக்டருக்கு என்ன, அவரா நில்லுன்னு எழுதியிருக்கார்?” என்றாள் அம்மா. இருபத்தொரு படி. ஏழாவது படியில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாவதில் உட்கார்ந்தாள். பதினெட்டாவதில் மூச்சு வராமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் கால் வைத்தபோது மணி நாலு ஐந்து. வெயில் சாய்ந்திருந்தது. ஈரத் துணிகள் எடுக்கப்பட்டுக் கொடிகள் காலியாக இருந்தன.

“குழந்தையைத் தூக்கிக்கச் சொல்லியிருக்காரே” என்று ஆவுடையம்மாள் மகளைப் பார்த்தாள். எழுபது கிலோ எடையும் முழங்கால் வலியும் உள்ள அந்தக் குழந்தையைத் தூக்க வழியில்லை. ஆகவே அவளைக் கைப்பிடிச் சுவரோரம் தனக்கு முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து இரண்டு கைகளையும் பிடித்து மேலே உயர்த்தி வைத்துக்கொண்டாள். அனந்தலக்ஷ்மிக்கு வெட்கமாக இருந்தது. எதிர் மாடியில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. ஆனால் கையை இறக்கவில்லை.

நாலு பத்துக்குக் கிள்ளியாற்றுப் பக்கமிருந்து வந்தது. மற்றவற்றோடு பார்த்தால் சின்னது, மஞ்சள் நிறம், தையல் மிஷினைப் போலக் கடகடவென்று சத்தம். கதவு இடப்பக்கம் இருந்தது. அந்தக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, வெற்று மார்போடு ராமசுப்ரமணியன் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூணூல் காற்றில் பின்னால் பறந்தது. அவர் வீடு வீடாகத் தேடினார். ஓட்டுக் கூரைகளைத் தேடியிருக்கலாம். தெருவில் பாதி வீடு கான்கிரீட் ஆகிவிட்டது. இருபத்தாறு வயசுப் பெண்ணையும் நாலு வயசுக் குழந்தையையும் தேடியிருக்கலாம். இரண்டு நரைத்த தலைகளைத் தாண்டி அவர் பார்வை போயிற்று, விமானமும் போயிற்று, சங்குமுகத்துப் பக்கம், கடலுக்குள். சத்தம் தேய்ந்தது. ஆவுடையம்மாள் மகளின் கையை விடவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. இருபது வருஷத்தில் எந்த விமானமும் கடலிலிருந்து திரும்பியதில்லை. இது திரும்பியது. மேற்கேயிருந்து, வெயிலைப் பின்னால் வைத்துக்கொண்டு, இன்னும் தாழ வந்தது. அந்தத் தடவை அவர் அரக்குப் புடவையைப் பார்த்தார். பிறகு முகத்தை. பிறகு தூக்கிப் பிடித்திருந்த அந்தக் கைகளை. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், பஸ் தாமதமாகி வந்தவன் வாசலில் நிற்கும் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிப்பதுபோல. ஆவுடையம்மாள் கேட்க வைத்திருந்த ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க எதுவும் மிச்சம் இல்லை.

“அதாம்மா” என்றாள் அனந்தலக்ஷ்மி, யாரும் கேட்காமலே.

மற்றவை ஒரே தடவை வந்து போனவை. இது ஒவ்வொரு வியாழனும் வருகிறது. இறங்குவதற்கு இந்த உலகத்தில் இடம் இல்லை, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வெங்கிடேஷ் வியாழக்கிழமைக்கென்று தனியாக ஓர் அறிவிப்பு ஒட்டினான். பழைய சாஸ்திரிகளின் மகனிடம் போய், வாரத்துக்கு ஒருநாள் ஆகாயத்தில் வந்து போகும் புருஷனுடைய மனைவிக்கு என்ன விதி என்று கேட்டார்கள். புத்தகத்தில் இல்லை, ஆனால் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இதைவிடக் குறைவாகத்தான் வருகிறார்கள் என்று அவர் சொன்னார். அந்த நவராத்திரிக்குப் பதினோரு வீட்டிலிருந்து குங்குமம் வந்தது. ஆவுடையம்மாள் வாங்கி வைத்துக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. அனந்தலக்ஷ்மி நோட்டை மூடிவிட்டாள். பெல்ஜியம் கிழவருக்கு மட்டும், நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒரு வரி எழுதினாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை ஆவுடையம்மாள் குடையோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, “மேல சட்டை இல்லாம நனைஞ்சிண்டு போறார்” என்றாள். பழைய தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டு, வெள்ளைத் துணி வாங்கி வரச் சொல்லி, ஆறு நாள் உட்கார்ந்து ஒரு சட்டை தைத்து, அடுத்த வியாழன் நாலு மணிக்கு அதைக் கொடியில் மாட்டினாள். நாலு பதினைந்துக்குக் கொடியில் கிளிப்புகள் மட்டும் இருந்தன. அதற்கடுத்த வியாழன் அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். தொளதொளவென்று இருந்தது. ஆவுடையம்மாள் கண்ணை இடுக்கி, விமானம் கடல் பக்கம் மறையும்வரை பார்த்தாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இருபத்தொரு படியும் இறங்கி வந்து, தோளில் ஓர் இன்ச் குறைத்து, அடுத்த சட்டைக்குத் துணி வெட்டினாள்.